பாரிமுனையின் மாலை வெயிலை எண்ணெய் வண்ணத்தில் வரையும் முறை

பேருந்து நடத்துநர் ‘பாரீஸ், பாரீஸ்’ என்று கூவி ஆள் ஏற்றும் ஊர் நம்முடையது. அந்தப் பெயர் 1788இல் சென்னையில் வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரியிடமிருந்து வந்தது. கண நேர வெளிச்சத்தை வேகமான தூரிகைத் தடங்களில் பிடித்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் வாழ்ந்த பாரிஸ் நகருக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவு கிடையாது. ஆனாலும், பரபரப்பான நகரச் சதுக்கம் ஒன்றின் அன்றாடத்தை அந்த ஓவியர்களின் முறையில் வரைந்து பழக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் இடம் பாரிமுனைதான். ஐரோப்பிய நகரங்களில் இருப்பது போன்ற சதுக்கம் வடசென்னையில் இல்லை. சாலைகள் வந்து முட்டிக்கொள்ளும் முனைகளே நமக்குச் சதுக்கம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை ராஜாஜி சாலையில் வந்து முடியும் அந்த முனையில் ஒரு பக்கம் 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் செங்கல் சிவப்பும், எதிர்ப்பக்கம் 1940இல் எழுந்த டேர் ஹவுஸின் வெளிர் சுவரும் நிற்க, நடுவில் கறுப்புக் கோட்டு வழக்கறிஞர்கள், பொதி ஏற்றிய மீன்பாடி வண்டிகள் எனும் மூன்று சக்கர வண்டிகள், மஞ்சள் ஆட்டோக்கள், பூக்கடைப் பக்கமிருந்து கூடையோடு வரும் பெண்கள் என்று நாள் முழுவதும் ஒரு ஓட்டம் நடக்கிறது.

அந்த ஓட்டத்தை ஒரு மாலைப் பொழுதுக்குள் கேன்வாஸில் இறக்குவது எப்படி என்பதுதான் இக்கட்டுரை. தொடங்கும் முன் என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ஓவியர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது அவர்கள் பார்த்த விதத்தையும் தூரிகையின் வேகத்தையும். வண்ணக் கலவையை மட்டும் சென்னை வெயிலிடமே கேட்க வேண்டும். தொடங்கிய காலத்தில் நான் அச்சுப்படங்களைப் பார்த்து நிழல்களுக்கெல்லாம் நீலமும் ஊதாவும் தீட்டினேன். மார்கழி விடியலில்கூடக் குளிராத பாரிமுனையில், என் ஓவியத்து ஆட்கள் பனியில் நடப்பதுபோல் நடந்தார்கள்.

இடம், உயரம், அனுமதி

முதல் தேவை உயரம். தரையில் நின்று பார்த்தால் இந்த முனை முதுகுகளால் ஆன ஒரு சுவராகத்தான் தெரியும். சாலையின் தரை தெரியாது. தரை தெரியாவிட்டால் வெயில் விழும் இடமும் நிழல் நீளும் இடமும் தெரியாது. இம்ப்ரெஷனிஸ்டுகளில் ஒருவரான கமீ பிசாரோ 1897 பிப்ரவரியில் பாரிஸின் ஒரு ஹோட்டலில் அறை எடுத்து, கீழே ஓடிய மோமார்த்ர் பூல்வார் என்ற அகன்ற சாலையை ஜன்னலிலிருந்து பார்த்து 14 ஓவியங்களாக வரைந்தார். நாள்பட்ட கண் நோயால் வெளிக்காற்றில் நின்று வரைய முடியாத நிலை அவருக்கு. ஜன்னல் அந்த நோய் திணித்த ஏற்பாடு. 1898இல் வேறொரு ஹோட்டல் ஜன்னலிலிருந்து அவர் வரைந்த தியாத்ர் பிரான்சே சதுக்கத்து ஓவியம் ஒன்றில் வானமே கிடையாது. கேன்வாஸ் முழுவதும் சாலைத் தரை. அதன் மேல் சிதறிய குதிரை வண்டிகளும் ஆட்களும். பாரிமுனையை வரைய விரும்புபவர் அந்த ஓவியத்தின் அச்சுப்பிரதியை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

நம் பக்கத்தில் பழைய வணிகக் கட்டடங்களின் படிக்கட்டு ஜன்னல்கள் இதற்கு உதவுகின்றன. சாலையின் வடக்குப் பக்கத்துக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில், மேற்கும் தென்மேற்கும் தெரியும்படியான ஜன்னல் கிடைத்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. சாலை ஏறத்தாழ கிழக்கு மேற்காகச் செல்வதால் மாலைச் சூரியன் நமக்கு எதிரே இறங்குகிறது; ஆட்களின் நிழல்கள் நம்மை நோக்கி நீள்கின்றன. கட்டடத்தின் பொறுப்பாளரிடம் கேட்டு, எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று சொல்லி, தரையில் விரிக்கச் செய்தித்தாளையும் கையோடு கொண்டுபோனால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். டர்பன்டைன் நாற்றத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கீழே நடைபாதையில் ஈஸல் எனும் ஓவியத் தாங்கியை நட்டு வரையலாம் என்று எண்ண வேண்டாம். நீதிமன்றச் சுற்றுப்புறம் காவல் மிகுந்த இடம். கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்குள் வெளிச்சம் போய்விடும்.

எந்த நேரம்

பாரிஸ் ஏறத்தாழ 49 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சென்னை 13 பாகையில். பிப்ரவரி நடுவில் பாரிஸில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகைக்குள்தான் நிற்கும். அந்தச் சாய்வில் ஓர் ஆளின் நிழல் அவருடைய உயரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். பிசாரோவுக்கு நாள் முழுவதும் கிடைத்த அந்த நீண்ட நிழல் நமக்குப் பிப்ரவரியில் மாலை நான்கு மணிக்கு மேல்தான் கிடைக்கும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நம் உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் மேலிருந்து பார்த்தால் பாரிமுனை தட்டையான ஒரு வெளுப்பாகத் தெரியுமே ஒழிய ஓவியமாகத் தெரியாது.

ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரையான மாலைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்றரைக்கே போய் உட்கார்ந்து பேலட் எனும் வண்ணத்தட்டைத் தயார் செய்துவிட்டு, நான்கே காலிலிருந்து ஐந்து மணி வரை வண்ணம் இடுவது என் வழக்கம். ஒரே வெளிச்சம் என்று நம்பி வரையக்கூடிய நேரம் நாற்பது நிமிடத்தை அதிகம் தாண்டாது. நீதிமன்றம் நாள் அலுவலை முடிக்கும் நேரமும் அதை ஒட்டியே வருவதால் கறுப்புக் கோட்டுகள் கூட்டமாக வெளியே வருகின்றன. அது நமக்குக் கிடைக்கும் கூடுதல் வரவு.

பொருள்கள்

இதில் அதிகம் அலைய வேண்டாம். 12க்கு 16 அங்குல கேன்வாஸ் பலகை போதும். பன்றிமயிர்த் தட்டைத் தூரிகைகளில் 4, 6, 10 ஆகிய எண்கள். மெல்லிய தூரிகை ஒன்றுகூட வேண்டாம், கையில் இருந்தால் முகம் வரையத் தோன்றும். டைட்டானியம் வெள்ளை, லெமன் எல்லோ, மஞ்சள் காவி எனப்படும் எல்லோ ஆக்கர், காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின், விரிடியன் ஆகிய எட்டுக் குழாய்கள் போதும். குழாயில் அடைத்த வண்ணம் என்பதே 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்ற பிறகு பரவிய வசதிதான். அது வந்திராவிட்டால், வண்ணத்தைத் தாங்களே அரைத்தும் விலங்கின் சிறுநீர்ப்பையில் அடைத்தும் வைத்திருந்த ஓவியர்கள் இத்தனை எளிதாகத் தெருவுக்கும் ஆற்றங்கரைக்கும் வந்திருக்கமாட்டார்கள். கறுப்புக் குழாயை வாங்கவே வேண்டாம். காரணத்தை வழக்கறிஞர்களிடம் வரும்போது சொல்கிறேன்.

கேன்வாஸ் பலகையை வாங்கியதும் சோதித்துவிடுங்கள். ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு முறை பத்துப் பலகைகளை மொத்தமாக வாங்கினேன். அடித்தளப் பூச்சு சரியாக இல்லாததால் வண்ணத்தில் இருந்த எண்ணெயைத் துணி உறிஞ்சிக்கொண்டு, இரண்டாம் நாள் ஓவியத்தின் நிழல் பகுதிகள் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளிறிக் கிடந்தன. இப்போது எந்தப் பலகையானாலும் ஓரத்தில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெயை விட்டு ஐந்து நிமிடம் பார்க்கிறேன். சொட்டு அப்படியே நின்றால் சரி. சுற்றிப் பரவி மங்கினால் அக்ரிலிக் ஜெசோ என்ற வெள்ளை அடித்தளப் பூச்சை இரண்டு முறை பூசி, இடையில் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஜெசோவிலேயே சிறிது மஞ்சள் காவி நிற அக்ரிலிக்கைக் கலந்து பூசிவிட்டால், வெள்ளைப் பலகையைப் பார்த்துக் கண் கூசும் தொல்லையும் நீங்கும். தூரிகைத் தடங்களுக்கு இடையே எட்டிப் பார்க்கும் அந்தக் காவி, பாரிமுனைப் புழுதிக்கு இலவசமாகக் கிடைத்த வண்ணமாகவும் அமையும்.

எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர் அக்ரிலிக்கில் வரையலாம். ஆனால் ஈர வண்ணத்தின் மேல் ஈர வண்ணம் இடுவதுதான் இந்த முறையின் உயிர் என்பதால், கடற்காற்று அடிக்கும் ஜன்னலில் பேலட் காய்ந்துபோகாமல் இருக்க நீர் தெளிக்கும் சிறு புட்டியும் உலர்வைத் தாமதப்படுத்தும் திரவமும் கூடவே வேண்டும்.

ஆள் உயரத்தைக் கணக்கிடுதல்

கூட்டத்தை வரைபவர்கள் வழுக்கி விழும் இடம் வண்ணம் அன்று, அளவு. முன்னால் நடப்பவர் குள்ளமாகவும் பின்னால் வருபவர் பேருந்தைவிடப் பெரியவராகவும் ஆகிவிட்டால் எவ்வளவு அழகான தூரிகைத் தடமும் ஓவியத்தைக் காப்பாற்றாது. இதற்கு மிக எளிய கணக்கு ஒன்று உண்டு.

நம் கண் இருக்கும் உயரமே ஓவியத்தில் அடிவானக் கோடு. தரையில் நின்று பார்த்தால் நம் உயரமுள்ள எல்லோருடைய கண்களும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், அந்த ஒரே கோட்டில் வரும். பாதங்கள் மட்டும் மேலும் கீழுமாக மாறும். மாடியிலிருந்து பார்க்கும்போது அந்தக் கோடு எல்லோருடைய தலைக்கும் மேலே போய்விடுகிறது. மூன்றாம் தளத்து ஜன்னலில் நம் கண் தரையிலிருந்து 33 அடி உயரத்தில் இருப்பதாகவும், சாலையில் நடப்பவர் ஐந்தரை அடி உயரம் என்றும் வைத்துக்கொண்டால், 33இல் ஐந்தரை என்பது ஆறில் ஒரு பங்கு. சாலை சமதளமாக இருக்கும்வரை, எந்த இடத்தில் எந்த ஆளை வரைந்தாலும், அவருடைய பாதத்திலிருந்து அடிவானக் கோடு வரை உள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்குதான் அவருடைய உயரம். கேன்வாஸில் அடிவானத்துக்கு 9 அங்குலம் கீழே பாதம் பதிந்தால் ஆள் ஒன்றரை அங்குலம். 3 அங்குலம் கீழே பதிந்தால் அரை அங்குலம். ஒன்றரை அங்குலம் கீழே என்றால் கால் அங்குலம், அதாவது தூரிகை நுனியின் ஒரு தொடுகை. 11 அடி உயரமுள்ள பேருந்துக்கு இதே கணக்கு மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கும்.

இந்தக் கணக்கை ஒரு முறை மனத்தில் ஏற்றிக்கொண்டால் பிறகு அளவுகோல் தேவையில்லை. அடிவானக் கோட்டைப் பலகையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் வைத்துவிடுங்கள். வானம் ஒரு கீற்றாக இருந்தால் போதும். நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரம், அதுதான் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது, கண்ணை இழுக்கத்தான் செய்யும். ஆனால் குமிழும் வளைவுமாக அதை வரையத் தொடங்குபவர் மாலை முழுவதும் அதிலேயே நின்றுவிடுகிறார். கோபுரத்தைப் பாதியில் வெட்டிவிட்டு, அடிச்சுவரை மட்டும் இடப்பக்கம் நிறுத்துங்கள்.

வண்ணம் இடும் நாளுக்கு முன்பு இரண்டு மாலைகள் பென்சிலோடு மட்டும் போக வேண்டும். உள்ளங்கை அளவுக் கட்டங்களில் வெயில், நிழல், இடைப்பட்டது என மூன்றே தொனிகளில், கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு, பத்துப் படங்களாவது போட்டால் எந்த ஏற்பாடு நிற்கும் என்று தெரிந்துவிடும். செல்பேசியில் படம் எடுத்து வீட்டில் வரையலாமே என்று கேட்பார்கள். எதிர்வெயிலில் எடுத்த படத்தில் ஆட்கள் கரிக்கட்டைகளாகத்தான் விழுவார்கள். அளவுகளைச் சரிபார்க்க அது உதவும், நிறத்துக்கு உதவாது.

தரை, சுவர், நிழல்

முதலில் டர்பன்டைனில் கரைத்த மெல்லிய வண்ணத்தால் நான்கு பெரிய பரப்புகளை மட்டும் மூடுங்கள்: வானக் கீற்று, இடப்பக்கத்துச் சுவர், வெயில் விழுந்த தரை, நிழல் விழுந்த தரை. இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது.

சாலை தார் பூசியது, ஆகவே கறுப்பு என்று மூளை சொல்லும். அதை நம்பக் கூடாது. தாழ்ந்த எதிர்வெயிலில் அந்தத் தார் வைக்கோல் நிறத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் மின்னுகிறது. வெள்ளையோடு எல்லோ ஆக்கரும் கடுகளவு அலிசரினும் சேர்த்தால் அந்த நிறத்துக்கு அருகில் வரலாம். அடுத்தது நீதிமன்றச் சுவர். செங்கல் என்றதும் காட்மியம் சிவப்பைப் பிதுக்குவது வழக்கமான பிழை. நாம் பார்க்கும் சுவர் வடக்கு நோக்கியது. குளிர்கால மாலையில் சூரியன் தென்மேற்கில் இருப்பதால் அதன் மேல் நேர்வெயில் விழுவதில்லை. அது பழுத்த நாவற்பழத்தைத் துணியில் தேய்த்ததுபோன்ற மங்கிய நிறம். அலிசரினும் பர்ன்ட் சியன்னாவும் சிறிது அல்ட்ராமரினும் வெள்ளையும் அதற்குப் போதும். சிவப்பு என்று சொல்லத் தகுந்த சிவப்பு, சுவரின் மேற்கு விளிம்பில் வெயில் உரசும் ஒரு கீற்றில் மட்டும் இருக்கும்.

நிழலுக்கு வருவோம். இம்ப்ரெஷனிஸ்டுகள் நிழலைக் கறுப்பாக வரையாமல் நிறமாக வரைந்ததற்கு எளிய காரணம் உண்டு: சூரியன் மறைந்த இடத்தில் வானத்தின் நீல ஒளி விழுகிறது. பாரிமுனையில் அந்த நீலத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. வடக்குப் பக்கத்துக் கட்டடங்களின் வெளிர் சுவர்கள் மாலை வெயிலை வாங்கித் தெருவுக்கே திருப்பி அனுப்புவதால், தரையில் விழும் நிழல் தூய நீலமாக இல்லாமல், வெந்தயத் தண்ணீரில் நீலத்துணி நனைந்ததுபோல் சற்றே சூடாக இருக்கிறது. அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் சம அளவில் கலந்து, வெள்ளையால் தெளிவித்து, துளி எல்லோ ஆக்கரைச் சேர்த்துப் பாருங்கள். என் பழைய ஓவியங்களில் பனி பெய்ததற்குக் காரணம் இந்தத் துளி இல்லாமல் போனதுதான். நிறத்தை உறுதிசெய்துகொள்ள ஒரு வழி: புதுச் சட்டையோடு வரும் சாம்பல் அட்டையில் பட்டாணி அளவு துளை போட்டு, ஒரு கண்ணை மூடி, துளையின் வழியாக நிழலை மட்டும் பாருங்கள். சுற்றியுள்ள வெயில் மறைந்ததும் நிழலின் உண்மை நிறம் துளைக்குள் வந்து நிற்கும். கலவையைக் கத்தி நுனியில் எடுத்துத் துளைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடலாம்.

கூட்டம்

இப்போது ஆட்கள். ஒவ்வொருவராக வைத்துக்கொண்டு போனால் சதுரங்கக் காய்களாகத்தான் நிற்பார்கள். முதலில் கூட்டத்தை ஒரே கறையாக இட்டுவிட்டு, தரையின் வெயில் நிறத்தை 6ஆம் எண் தூரிகையில் எடுத்து அந்தக் கறையை ஊடறுத்து வெட்டுங்கள். ஆட்களுக்கு இடையே தெரியும் வெளிச்சத்தைத்தான் நீங்கள் வரைகிறீர்கள்; மிஞ்சி நிற்பது ஆட்களாகிவிடும். கால்களை இரண்டு இரண்டாக எண்ண வேண்டாம். உடலைக் கீழ்நோக்கிக் குறுகும் ஒரே இழுப்பாக இழுத்து, சிலருக்கு மட்டும் நடுவில் ஒரு வெயில் புள்ளி வைத்தால் அவர்கள் நடக்கத் தொடங்குவார்கள். தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்து வேண்டாம்; தலை சிறிதாக இருக்கட்டும், தலை பெருத்தால் ஆள் பொம்மையாகிவிடுவார்.

ஒரு வழக்கறிஞரை மட்டும் அருகில் வைத்துக் காட்டுகிறேன். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் வெள்ளை சேர்க்காமல் கலந்தால் கிடைக்கும் கருமை, குழாய்க் கறுப்பைப்போல் ஓட்டை விழுந்த இடமாகத் தெரியாமல், நீலப் பக்கமாகவோ பழுப்புப் பக்கமாகவோ சாய்ந்து காற்றுக்குள் நிற்கும். 6ஆம் எண் தூரிகையில் அதை எடுத்து, தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே இழுப்பு. வேகத்தில் கறுப்புக் கோட்டின் கீழ்ப்பகுதி சற்று விலகிப் பறக்கட்டும். தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, எதிர்வெயில் வலத் தோளில் உரசும் இடத்தில் வெள்ளையும் லெமன் எல்லோவும் கலந்த ஒரு கீறல். ஈரக் கருமையோடு அது லேசாகக் கலங்கினால் அழிக்க வேண்டாம். கழுத்துப் பட்டைக்கு ஒரு வெள்ளைத் தொடுகை போதும், ஆனால் அது தூய வெள்ளையாக இருக்கக் கூடாது. பட்டை நிழலில் இருப்பதால் நீலம் கலந்த சாம்பல்தான். தலைக்கு பர்ன்ட் சியன்னா ஒரு பொட்டு. பிறகு, பாதத்திலிருந்து நம்மை நோக்கி, உயரத்தின் இரு மடங்கு நீளத்துக்கு நிழலைச் சாய்த்து இழுத்து, பக்கத்து ஆளின் நிழலோடு சேர்த்துவிடுங்கள். மொத்தம் ஐந்து தொடுகைகள். ஆறாவது தொடுகைக்குக் கை நீளும், கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இப்படி வரைந்த ஓவியத்தைப் பார்த்த கட்டடத்துக் காவலர், “இன்னா சார், ஆளுங்களுக்கு மூஞ்சியே காணோம்?” என்று கேட்டார். அவர் கேட்டது பழைய கேள்விதான். மோனே வரைந்த கப்புசின் பூல்வார் ஓவியம் 1874 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, அதில் கீழே கறுப்பாக நாக்கால் நக்கியதுபோல் தெரிபவை என்ன, அந்தத் தெருவில் நடக்கும்போது நானும் அப்படித்தான் இருக்கிறேனா என்ற பொருளில் லூயி லெருவா என்ற விமர்சகர் ஒரு பத்திரிகையில் கேலி எழுதினார். காவலரை நான் ஜன்னலுக்கு அழைத்து, “அண்ணா, அந்தப் பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்கள்ல ஒருத்தர் மூஞ்சிய சொல்லுங்க பாப்போம்” என்றேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “மூஞ்சி தெர்ல, ஆனா அந்தப் பச்சப் பொடவ யாருக்கோ வெயிட் பண்ணுது” என்றார். அந்தப் பச்சைப் புடவை காத்திருப்பது தூரிகையில் வர வேண்டும். உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்த கோணமும், தோளில் மாட்டிய பையின் இழுப்பும் சரியாக வந்தால் வந்துவிடும். கூட்டத்தில் இரண்டு அல்லது மூன்று பேரை மட்டும் இந்த அளவுக்குக் கவனித்து வரையுங்கள். மற்றவர்கள் கறையாகவே இருக்கட்டும்.

ஓடுகிறவர்களை எப்படிக் கவனிப்பது என்ற கேள்விக்கு இன்னொரு இம்ப்ரெஷனிஸ்டான ரெனுவார் 1872இல் வழி கண்டார். பாரிஸின் போன் நெஃப் பாலத்தை ஒரு காப்பிக்கடையின் மேல்மாடியிலிருந்து அவர் வரைந்தபோது, தம்பி எத்மோன் கீழே போய் வழிப்போக்கர்களை நிறுத்தி மணி கேட்பதும் வழி கேட்பதுமாக இருந்தாராம். அவர்கள் நின்ற நொடிகளில் அண்ணன் உருவத்தைப் பிடித்துக்கொண்டார். நமக்கு அப்படி ஒரு தம்பி தேவையில்லை, சிக்னல் இருக்கிறது. சிவப்பு விழுந்ததும் வண்டிகள் உறைந்து நிற்கின்றன. பச்சை விழும்வரை ஒரு மீன்பாடி வண்டியை முழுவதுமாகப் பார்க்கலாம். தட்டையான பலகைப் பரப்பின் மேல் பொதிகள் ஓட்டுபவரின் தலைக்கு மேல் எழும்பியிருக்க, முன்னால் அவர் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார். மேலிருந்து பார்க்கையில் வண்டியின் வடிவம் தலைகீழான எழுத்து ‘ட’போல் தெரியும். ஆட்டோக்களில் வெயில் படும் கூரைக்கு லெமன் எல்லோவும், நிழல் பக்கத்துக்கு எல்லோ ஆக்கரோடு சிறிது ஊதாவும் போதும். பேருந்துக்குக் கூரைதான் முக்கியம். வானத்தை அப்படியே வாங்கித் திருப்புவதால் சில நிமிடங்கள் அது ஓவியத்திலேயே மிக வெளிச்சமான பரப்பாகிவிடும். ஜன்னல்களை எண்ணாமல் ஒரு கரும்பட்டையாக இழுத்துவிடலாம்.

தெருவுக்கு மேலே ஓடும் கம்பிகளை எல்லாம் வரைய வேண்டாம். ஒன்றோ இரண்டோ, அதுவும் பாதியில் அறுபட்டு. மேற்குக் கோடியில் புழுதியும் புகையும் வெயிலும் சேர்ந்து எல்லாம் ஒன்றாகும் இடத்தில், ஈர வண்ணங்களை உலர்ந்த தூரிகையால் ஒரு முறை வருடிவிட்டால் தொலைவு கிடைத்துவிடும்.

நிறுத்துவதும் தொடர்வதும்

ஐந்து மணிக்கு மேல் நிழல்களின் கோணமும் நிறமும் மாறிவிடும். அப்போது தொடர்ந்து வரைந்தால், நான்கரை மணித் தரையின் மேல் ஐந்தரை மணி ஆட்கள் நடப்பார்கள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள். அல்லது பிற்பகுதி வெளிச்சத்துக்கென்று இரண்டாவது பலகை ஒன்றைத் தொடங்குங்கள். பிசாரோவின் 14 ஓவியங்கள் அப்படித்தான் காலை, மாலை, மழை, இரவு என்று வளர்ந்தன.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதே ஜன்னல் வேறு ஓவியத்தைத் தரும். நனைந்த தாரில் பிரதிபலிப்புகள் எப்போதும் செங்குத்தாகக் கீழ்நோக்கியே இறங்கும் என்பதையும், பிரதிபலிப்பில் வெளிச்சம் சற்று மங்கியும் கருமை சற்று வெளுத்தும் தெரியும் என்பதையும் நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. மழை என்றதும் எல்லோரும் ஓவியர் கயபோத் 1877இல் வரைந்த குடைகள் நிறைந்த பாரிஸ் தெருவைத் தேடிப் போகிறார்கள். அது மிகப் பெரிய கேன்வாஸில், வழவழப்பாக, பொறுமையாக முடிக்கப்பட்ட ஓவியம். நாற்பது நிமிடத்தில் வரைபவருக்கு அது வழிகாட்டாது.

எண்ணெய் வண்ணம் நீர்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே தடித்த இடங்கள் தொடக்கூடிய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை ஓவியத்தைப் பீரோவுக்குள் அடைக்காமல், காற்றோட்டமான இடத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் சாத்தினால் பின்புறம் பூஞ்சை படியும். ராயபுரத்தில் நான் குடியிருந்த வீட்டில் இரண்டு ஓவியங்களை அப்படி இழந்திருக்கிறேன். வார்னிஷ் பூசக் குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும். டர்பன்டைன் கழிவைச் சாக்கடையில் ஊற்றாமல் புட்டியில் வைத்தால், கசடு அடியில் தங்கித் தெளிவு மேலே வரும். அதையே மறுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். தூரிகைகளை அன்றிரவே துணி சோப்பில் தேய்த்து, நுரை வெள்ளையாக வரும்வரை அலசி, மயிர் மேல்நோக்கி இருக்கும்படி ஒரு டம்ளரில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போங்கள்.